நன்மை வாங்குதல்

பதினொரு முறை. எண்ண வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. மூன்றாவது முறைக்குப் பிறகு எண்ணாமல் இருக்க முடியவில்லை. காப்பி டம்ளரை வைத்துவிட்டுப் போன பெண்ணுக்கு ஒன்று, தலையணையைச் சரிசெய்த சிஸ்டருக்கு ஒன்று, ஃபேனைக் குறைத்ததற்கு, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்ததற்கு, கழிப்பறைக்குக் கூட்டிப்போனதற்கு, திரும்பக் கூட்டிவந்ததற்கு. ‘தேங்க்ஸ்மா.’ ‘தேங்க்ஸ் சிஸ்டர்.’ ஒரு மணி நேரத்தில் என் அத்தை பதினொரு முறை நன்றி சொன்னாள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்த பிறகும் அந்த எண் போகவில்லை. அந்த முதியோர் இல்லத்தில் அவளை யாரும் கடிந்து பேசுவதில்லை. விரிப்பு வெள்ளையாக இருக்கிறது. முதுகில் புண் இல்லை, அறையில் நாற்றம் இல்லை, மாத்திரை வேளை தவறுவதில்லை. என் வீட்டில் இருந்திருந்தால் இவ்வளவு ஒழுங்காக இருந்திருக்க மாட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏன் சட்டைக்குள் முள் விழுந்தவன் போலத் திரும்பி வருகிறேன் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

அத்தை தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஐம்பது வருடமாக அவளைத் தெரியும். யாருக்கும் அவள் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் குடித்துவிட்டுச் செம்பைத் திரும்ப நீட்டுவாள், அவ்வளவுதான். ரொம்பத் தாகமாக இருந்து குடித்திருந்தால் ஒரு ‘ம்’. அது மரியாதைக் குறைவு இல்லை, நம் வீடுகளில் அப்படித்தான். சோறு போட்ட அம்மாவிடம் நன்றி சொன்னால், ‘ஏலே, உடம்புக்கு என்ன?’ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். நன்றி மேடைக்கு உரியது. ஒருவர் எழுந்து நன்றியுரை என்று ஆரம்பித்ததும் கூட்டம் செருப்பைத் தேடத் தொடங்கும். வள்ளுவரின் 11ஆம் அதிகாரத்துக்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர். அங்கே நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. பெற்றவர் வாயால் சொல்லும் சொல் அல்ல. பெற்றவருடைய வேலை அதை அறிவதும் மறவாமல் இருப்பதும்தான். சொல்லிக் காட்டுவதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கொடுத்தவர் கையில் இருந்த சொல் காலப்போக்கில் வாங்கியவர் வாய்க்கு மாறிவிட்டது. அத்தையின் வாய்க்கு அது 82ஆவது வயதில் வந்து சேர்ந்தது, அதுவும் ஆங்கிலத்தில்.

இல்லத்தின் பெயர் வேண்டாம். கன்னியர் சபை ஒன்று நடத்துவது. நீண்ட ஓட்டுக் கட்டடம், முன்னால் வேப்பமரம், மரத்துக்கு அந்தப் பக்கம் லூர்து மாதா கெபி. ஆறு மணிக்குப் பூசை. எழுந்து வர முடியாதவர்களுக்குக் கட்டில் அருகே ஒலிபெருக்கி. உள்ளே நுழைந்ததும் முதலில் பினாயில், அடுத்து டால்கம் பவுடர், அடுத்து அமிர்தாஞ்சனம், எல்லாவற்றுக்கும் கீழே எங்கோ வேகிற பருப்பு. பத்து மணிக்கு வராந்தாவில் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து பூண்டு உரிப்பார்கள். அந்த வீட்டில் நிஜமான பேச்சு நடப்பது அந்த ஒரு மணி நேரந்தான்: யார் கட்டில் ஜன்னலோரம், யார் நள்ளிரவில் ஃபேனை நிறுத்தியது, சாயங்காலம் சீரியலா மாதா டிவியா. சி.எஸ்.ஐ. சபைக்காரப் பாட்டி ஒருவர் மற்றவர்கள் செபமாலை சொல்லும் நேரம் பார்த்துத் தன் பைபிளை எடுத்துப் பக்கங்களைச் சற்றுச் சத்தமாகவே புரட்டுவார். தலையணைக்கு அடியில் திருச்செந்தூர் முருகன் படம் வைத்திருக்கும் ஆச்சியும் உண்டு. சிஸ்டர்மாருக்கு அது தெரியும்; விரிப்பு மாற்றும்போது படத்தை எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்துவிடுவார்கள். அதைப் பற்றி யாரும் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. அந்த இல்லத்தில் எனக்கு மிகவும் பிடித்த காரியம் அதுதான்.

சாப்பாட்டறை வாசலில் ஒரு கரும்பலகை. அன்றைய மதிய உணவு யாருடைய உபயம் என்று சாக்பீஸால் எழுதியிருக்கும்: ஒருவரின் நினைவுநாள், ஒரு குழந்தையின் பிறந்தநாள், முதல் நற்கருணை வாங்கும் ஒரு பிள்ளையின் புது நன்மை. சாப்பிடுவதற்கு முன் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம். நியாயந்தான், காசு கொடுத்தவர்களுக்கு வேறென்ன திருப்பிக் கொடுக்க முடியும்? ஆனால் அத்தை மணியடித்ததும் கம்பை ஊன்றிக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரியிடம் கேட்பாள்: ‘இன்னைக்கு யாரு சோறு?’ முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து யோசிக்கும்போது வரவில்லை. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் அசனம் நடக்கும். வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, ஆடு வெட்டி, தெரு நீளத்துக்குப் பந்தி. அண்டாப் பக்கத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அகப்பையோடு நின்று, யாருக்கு எத்தனை கரண்டி என்று கணக்குப் பார்க்காமல் போடுகிற ஆள் அத்தைதான். அந்தப் பந்தியில் இது யார் சோறு என்று யாரும் கேட்டதில்லை. அரிசி கொடுத்தவனும் கொடுக்க முடியாதவனும் ஒரே வாழையிலையில் உட்காருவதால் அந்தக் கேள்விக்கு அங்கே வேலையில்லை. சோற்றுக்கு ஒரு பெயர் வந்துவிட்டால் சாப்பிடுகிறவருக்கும் ஒரு பெயர் வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் நல்லவர்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். கேக் கொண்டுவருகிறார்கள், போர்வை கொண்டுவருகிறார்கள், பாடகர் குழுவோடு வந்து பாடுகிறார்கள். டிசம்பரில் ஒரே நாளில் மூன்று கேக் வெட்டிய கதையை அத்தை சொல்வாள். அவளுக்குச் சர்க்கரை நோய், மூன்றுக்கும் கை தட்டியிருக்கிறாள். கடைசியில் எல்லோரையும் வட்டமாக நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம். படத்தில் பாட்டிகள் எல்லோரும் சிரிக்கிறார்கள், எப்போது சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. நானும் அந்த ஆட்களில் ஒருவன்தான். கேக்குக்குப் பதிலாக மேரி பிஸ்கட், அது ஒன்றுதான் வித்தியாசம். மாதம் பிறந்தால் ஒரு தொகையை இல்லத்துக்கு அனுப்புகிறேன். ரசீது வருகிறது, ரசீதில் ‘நன்கொடை’ என்று இருக்கிறது. மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் கொர்பான் என்று ஒரு சொல் வருகிறது. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொள்கிற பிள்ளைகளின் வழக்கத்தின் மேல் இயேசு கோபப்படுகிற இடம். ரசீதை மடித்து டிராயரில் வைக்கும்போதெல்லாம் அந்தச் சொல் ஞாபகம் வருகிறது. அத்தை அம்மாவும் இல்லை, அவளுக்குப் பிள்ளைகளும் இல்லை, ஆகவே அது என்னைச் சொன்னது இல்லை என்று ஒரு வாதம் வைத்திருக்கிறேன். தாங்குகிற வாதமாகத் தெரியவில்லை.

இந்த முள் என் குற்ற உணர்ச்சி மட்டுந்தானா, அதற்குத்தான் இவ்வளவு வேதாகமமும் திருக்குறளும் போர்த்திக்கொண்டிருக்கிறேனா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. இருக்கலாம். ஆனால் குற்ற உணர்ச்சிக்கு அத்தையின் ‘தேங்க்ஸ்’ இதமாக அல்லவா இருக்க வேண்டும்? அவள் சந்தோஷமாக இருக்கிறாள், நன்றியோடு இருக்கிறாள் என்று நிம்மதியாகத் தூங்கிவிடலாமே. எனக்குப் பொறுக்காதது அவள் கஷ்டப்படுவது அல்ல, பணிவாகிவிட்டது.

பேதுருவைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். யோவான் நற்செய்தியில் அவர் இரண்டு இடத்தில் ஒரே சிக்கலில் மாட்டுகிறார். 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் குனிந்து கால் கழுவ வரும்போது, என் காலையா, ஒருக்காலும் கூடாது என்று இழுத்துக்கொள்கிறார். 21ஆம் அதிகாரத்தில், எல்லாம் முடிந்து, கரையில் மீன் சுட்டுச் சாப்பிட்ட பிறகு, அவருக்கே ஒரு செய்தி சொல்லப்படுகிறது: வாலிபத்தில் நீயே உன் இடுப்பைக் கட்டிக்கொண்டு இஷ்டப்பட்ட இடத்துக்குப் போனாய்; முதிர்ந்த பிறகு கையை நீட்டுவாய், வேறொருவர் கட்டிவிட்டு நீ விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவார் என்ற பொருளில். அது அவர் எப்படிச் சாகப்போகிறார் என்பதற்கான குறிப்பு என்று நற்செய்தியாளரே அடுத்த வரியில் எழுதிவைத்திருக்கிறார். பிரசங்கங்களில் சிலுவையைத்தான் சொல்வார்கள். இல்லத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு எனக்கு அந்த வசனத்தில் சிலுவை தெரிவதே இல்லை. காலை ஏழு மணிக்குக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, நைட்டியை மாட்டிவிட ஆள் வரக் காத்திருக்கிற அத்தைதான் தெரிகிறாள். பெரிய வியாழனன்று கால் கழுவும் சடங்கில் பெண்களும் உட்காரலாம் என்று 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றினார். இந்த வருடம் இல்லத்துச் சிற்றாலயத்தில் பன்னிரண்டு பேரில் அத்தையும் ஒருத்தி. அன்று காலையிலிருந்து அவள் சோப்புப் போட்டு இரண்டு தடவை தன் காலைக் கழுவவைத்தாள் என்று சிஸ்டர் சொன்னார். ஃபாதர் கையில் அழுக்குப் படக் கூடாதாம். பேதுருவுக்குத் தோன்றாத வழி.

ழான் ஜுகான் என்ற பெயரை அந்த இல்லத்துச் சுவரில் இருந்த காலண்டரில்தான் முதலில் பார்த்தேன். பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் கான்கால் என்ற மீனவ ஊரில் 1792இல் பிறந்தவர். வீட்டு வேலை செய்து பிழைத்த பெண். 1839ஆம் வருடக் குளிர்காலத்தில், கண் தெரியாத, பாதி உடம்பு விழுந்துபோன ஒரு கிழவியைத் தன் குடியிருப்புக்குத் தூக்கிவந்து, தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் மச்சில் போய்ப் படுத்துக்கொண்டார். ஏழைகளின் சிறு சகோதரிகள் என்ற சபை அந்தக் கட்டிலிலிருந்து தொடங்கியது. சென்னை ஹாரிங்டன் சாலையில்கூட அவர்களுடைய முதியோர் இல்லம் உண்டு. கட்டிலைக் கொடுத்த கதை எல்லாப் புனிதர் சரித்திரங்களிலும் வருகிற மாதிரிக் கதை. அது என்னை அவ்வளவாகத் தொடவில்லை. அடுத்து நடந்ததுதான் விஷயம். அவர் சேர்த்துக்கொண்ட கிழவிகளில் பலர் வீடு வீடாகப் பிச்சை எடுத்துப் பழகியவர்கள். ழான் ஜுகான் அவர்களுடைய கூடையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, அவர்கள் வழக்கமாகப் போகிற வீடுகளின் பட்டியலையும் கேட்டுக்கொண்டு, அவர்களுக்குப் பதிலாகத் தான் பிச்சைக்குப் போனார். இன்றும் அந்தச் சபைச் சகோதரிகள் சந்தைக்கும் கடைக்கும் கேட்டுப்போகிற வழக்கம் உள்ளவர்கள். நிலையான வருமானம் தரும் சொத்து எதுவும் வேண்டாம் என்று 1865இல் முடிவெடுத்தார்கள். வட்டி வந்தால் நிர்வாகம் சுலபம். கணக்குத் தெரிந்த யாரும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். எனக்கு வேறு விதமாகப் படுகிறது. கையேந்துகிற வெட்கம், வாசலில் நிற்கிற கூச்சம், கடைசியில் சொல்ல வேண்டிய நன்றி எல்லாவற்றையும் அந்தப் பெண் கிழவிகளின் தோளிலிருந்து இறக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டிருக்கிறார். சோறும் கட்டிலும் யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். நன்றி சொல்லும் வேலையை இன்னொருவருக்காக ஏற்றுக்கொள்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருக்கு யார் நன்றி சொன்னார்கள் என்று பார்த்தால் அது இன்னும் வேடிக்கை. சபைத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரை 1843இல் லெ பாயர் என்ற பாதிரியார் இறக்கிவிட்டு வேறொரு இளம் பெண்ணை உட்காரவைத்தார். பிறகு சபையைத் தொடங்கியதே தான்தான் என்று சொல்லிக்கொண்டார். ழான் ஜுகான் கடைசி 27 வருடங்களைத் தாய் மடத்தில் ஒரு மூலையில், சின்னச் சின்ன வேலை பார்த்துக்கொண்டு கழித்தார். கூட இருந்த இளம் கன்னியர்களில் பலருக்கு அவர்தான் சபையைத் தொடங்கியவர் என்பதே தெரியாது. 1879இல் செத்துப்போனார். 1890இல் அந்தப் பாதிரியாரை ரோமுக்கு அழைத்துப் பதவியிலிருந்து விலக்கினார்கள். இவருக்குப் புனிதர் பட்டம் 2009இல் வந்தது. 130 வருடத் தாமதத்தில் வந்த நன்றியுரை.

திரும்ப எங்கள் இல்லத்துக்கு வருகிறேன். அங்கே ஒரு வயதான சிஸ்டர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்; இப்போது இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பெண்கள் கூடத்தின் கடைசி அறையில் படுத்திருக்கிறார். அவருக்கு ஊட்டிவிடுவது மதர், அவரிடமே படித்தவர். ஒரு நாள் வாசலில் நின்று பார்த்தேன். ‘சூடு பத்தல.’ ‘கரண்டிய முழுசா நிரப்பாத, எத்தனை தடவ சொல்றது?’ ‘ஜன்னல யாரு திறந்தது?’ மதர் சிரித்துக்கொண்டே ஊட்டினார். முழுச் சாப்பாட்டுக்கும் ஒரு ‘தேங்க்ஸ்’ கிடையாது. அதிகாரம் பழகியவர், அப்படித்தான் இருப்பார் என்று முதலில் நினைத்தேன். அதுவல்ல. அவருக்கு அது அவருடைய வீடு. அந்த வீட்டின் மஞ்சள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த காலத்திலிருந்து கொடுத்துக் கொடுத்துப் போட்ட வீடு. எரிச்சல்பட அவருக்குப் பாத்தியதை இருக்கிறது. அத்தைக்கு இல்லை, அவள் விண்ணப்பப் படிவம் கொடுத்து வந்தவள். நான் மாதா மாதம் அனுப்புகிற தொகைக்கு மேல் அவள் தன் பங்குக்கு ஒரு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறாள், ஒரு மணி நேரத்துக்குப் பதினொன்று என்ற கணக்கில். இதை ஒரு தடவை இளைய சிஸ்டரிடம் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். ‘நாங்க சொல்லச் சொல்றதில்லையே சார்’ என்றார். முகம் வாடிவிட்டது. உண்மைதான், யாரும் சொல்லச் சொல்வதில்லை. தன்னை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் கேட்டு வருவதில்லை.

முதல் திமொத்தேயு நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் விதவைகளைப் பதிவேட்டில் சேர்க்க ஒரு விதி இருக்கிறது: 60 வயதுக்குக் குறையாதவளாக இருக்க வேண்டும். நம் நாட்டில் 2007இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் அதே 60இல்தான் கோடு போடுகிறது. நிருபம் கேட்கும் மற்ற தகுதிகளில் பெரும்பாலானவை அவள் முன்னால் கொடுத்தவைதான்: பிள்ளைகளை வளர்த்தாளா, அந்நியரை உபசரித்தாளா, பரிசுத்தவான்களின் காலைக் கழுவினாளா. இப்போது எங்கள் படிவத்தில் கேட்டது ஆதார், ரத்த வகை, பங்குத்தந்தை கடிதம், அவசரத்துக்குத் தொலைபேசி எண். அசனத்து அண்டாவைப் பற்றி எழுத இடம் இல்லை. அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அங்கே அத்தையை அகப்பையோடு பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. அவளை வாங்குகிறவளாக மட்டுமே எல்லோருக்கும் தெரியும்.

அகப்பையைப் புகழ்ந்துவிட்டு இன்னொன்றை மறைப்பது சரியில்லை. அதே அத்தை ஊரில் யார் தன் அடுக்களைக்குள் வரலாம், யார் கொல்லைப்பக்கம் நிற்க வேண்டும் என்று கறாராக வைத்திருந்தவள். கோயிலுக்குள் ஒரே நற்கருணை, கல்லறைத் தோட்டத்தில் தனித்தனி வரிசை என்று இருந்த ஊர்களிலிருந்துதான் பூண்டு உரிக்கிற பாட்டிகளில் பலரும் வந்திருக்கிறார்கள். புதிதாக ஒருவர் வந்தால் ‘எந்த ஊரு?’ என்பது முதல் கேள்வி, ‘எந்தத் தெரு?’ என்பது இரண்டாவது. ஆனால் அத்தையைக் குளிப்பாட்டுகிற பெண் ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். கன்னியர் ஆகப் பயிற்சியில் இருக்கிறாள். இங்கத்திப் பெண்கள் மடத்துக்கு வருவது குறைந்துவிட்டது. தமிழ் இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். ‘பாட்டி, கை தூக்கு. பாட்டி, கண் மூடு.’ மரியாதை விகுதி இன்னும் வந்து சேரவில்லை. அவளுடைய தெருவைக் கண்டுபிடிக்க அத்தையிடம் வழி ஒன்றும் இல்லை. மூன்று மாதம் முயற்சி செய்து விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். கூடவே சோப்பு நுரையோடு கை அக்குளுக்குள் போகும்போது கண்ணை இறுக்கிக்கொள்வதையும் விட்டுவிட்டாள்.

எங்கள் பக்கம் நற்கருணை உட்கொள்வதை ‘நன்மை வாங்குவது’ என்பார்கள். ‘பூசைக்குப் போனியே, நன்மை வாங்கினியா?’ சின்ன வயதில் அத்தை என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்கிற கேள்வி. பெரியவர்கள் கற்றுக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறது: வாயைத் திற, நாக்கை நீட்டு, பல் படாமல் முழுங்கு. வாங்குவது எப்படி என்பதற்கு அவ்வளவு பயிற்சி. கொடுக்கிறவருக்கு அங்கே தேங்க்ஸ் ஃபாதர் என்று யாரும் சொல்வதில்லை. ‘ஆமென்’ என்றால் போதும், ஆம், அப்படியே ஆகட்டும். இத்தனை வருடமாக அதைச் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லின் வசதியை இப்போதுதான் கவனிக்கிறேன். கடன் பட்டதாக ஒப்புக்கொள்வதில்லை, அடைப்பதாக வாக்குக் கொடுப்பதும் இல்லை. வந்ததை வந்தபடி வாங்கிக்கொள்வது. அத்தையின் ‘ம்’ அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்த சொல்.

ஆகஸ்டில் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. நோயில் பூசுதல் கொடுத்தார்கள். அவள் தலைமுறைக்கு அது சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப் பூசுதல்தான், பயந்துவிட்டாள். நான் போனபோது ஃபாதர் கட்டில் பக்கத்தில் நின்று நன்மை கொடுத்துக்கொண்டிருந்தார். கால் துண்டுதான். நாக்கு உலர்ந்திருந்தது, ‘ஆமென்’ சத்தமில்லாமல் உதட்டில் வந்தது. அவர் நகர்ந்ததும் ஜார்க்கண்ட் பெண் குனிந்து தண்ணீரை ஸ்பூனில் விட்டாள். ஒரு ஸ்பூன், இரண்டு, மூன்று. நான் பழக்கத்தில் எண்ணத் தயாராக நின்றேன். அத்தை விழுங்கினாள். ‘ம்’ என்றாள்.

பிழைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் சிஸ்டர் போனில் புகார் சொன்னார்: மீன் குழம்பில் புளி பத்தவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டாளாம், சமையல்காரம்மாவை வரச் சொல்லி எப்படி வைக்க வேண்டும் என்று கால் மணி நேரம் பேசினாளாம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஃபேனைப் போட்டார்கள், காப்பி வந்தது, மாத்திரை வந்தது, கழிப்பறைக்குப் போய்வந்தாள். மொத்தம் இரண்டு தேங்க்ஸ். ஒன்று மேரி பிஸ்கட்டுக்கு, ஒன்று வந்ததற்கு. இரண்டும் எனக்கு.